எக்செக்கியாஸின் கருவுருவச் சாடிகள்

நேயர்களுக்கு வணக்கம். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஏதென்ஸ் நகரில் வாழ்ந்த எக்செக்கியாஸ் என்னும் கலைஞரைப் பற்றி இன்று பேச விழைகிறேன். 'எக்செக்கியாஸ் என்னைத் தீட்டினான், வனைந்தான்' என்று சாடியே பேசுவதாக அவர் இட்டுள்ள கையொப்பம், குயவரும் ஓவியரும் அவர் ஒருவரே என்பதைத் தெரிவிக்கிறது.

அவர் கையாண்டது, செம்மண் நிறப் பரப்பில் உருவங்கள் கருமையாகத் தெரியும் கருவுருவ முறை. இரும்புச்சத்து மிக்க களிமண்ணை நீரில் கரைத்துத் தெளியவைத்து எடுத்த மென்குழம்பால் உருவங்களை நிரப்புவார்கள். சூளையில் முதலில் காற்றோட்டத்துடன் சுட்டு, பிறகு காற்றை அடைத்துப் புகையில் வைத்தால் கலம் முழுவதும் கறுத்துவிடும். மீண்டும் காற்றை உள்ளே விடும்போது வெறும் மண் சிவப்புக்குத் திரும்ப, குழம்பு பூசிய இடம் மட்டும் காற்றுப் புகாதபடி இறுகிவிட்டதால் கருமை மாறாமல் நிற்கும். கண், விரல், ஆடையின் வேலைப்பாடு அனைத்தையும் சுடுவதற்கு முன்பே கூர்முனையால் கீறிவிட வேண்டும். ஒளியும் நிழலும் காட்ட வழியில்லாத இம்முறையில், ஒருவரின் மனநிலையைச் சொல்ல ஓவியருக்குத் துணை நிற்பவை மெல்லிய கீறல்களும் உருவங்களை அமர்த்தும் விதமும்தான். அவற்றை எக்செக்கியாஸ் அளவுக்கு ஆண்டவர் வேறொருவர் இலர் என்பது என் துணிபு.

இத்தாலியின் வூல்சியில் கிடைத்து, இன்று வத்திக்கானில் உள்ள அவருடைய சாடியைப் பாருங்கள். கிரேக்கப் புராணக் கதைகளில் வரும் டிராய்ப் போரின் ஓய்வு வேளையில் கிரேக்க வீரர்களான அக்கிலீஸும் அயாக்ஸும் எதிரெதிரே குனிந்து அமர்ந்து காயாடுகிறார்கள். ஆட்டத்தின் நடுவிலும் ஈட்டிகள் கையை விட்டு நீங்கவில்லை. அக்கிலீஸின் வாயருகே 'நான்கு' என்றும் அயாக்ஸின் வாயருகே 'மூன்று' என்றும், ஆட்டத்தில் அவரவருக்கு விழுந்த எண் எழுதப்பட்டுள்ளது. அக்கிலீஸ் தலைக்கவசம் அணிந்திருக்கிறான். அயாக்ஸின் தலைக்கவசமோ பின்னால் கேடயத்தின் மேல் இருக்கிறது. அக்கிலீஸ் இறந்தபின் அவனுடைய போர்க்கவசம் மற்றொரு கிரேக்க வீரனான ஒடிசியசுக்குப் போய்விட, அந்த அவமானம் தாளாமல் அயாக்ஸ் உயிரை மாய்த்துக்கொண்ட கதை கிரேக்கர் நன்கறிந்தது. அந்தத் தோல்வியின் நிழல் இந்த ஓர் எண் வித்தியாசத்திலேயே விழுந்துவிடுகிறது.

அம்முடிவையும் அவர் தீட்டினார். அச்சாடி பிரான்சின் பூலோன்-சுர்-மேர் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. வாள் பாய்ந்த உடலைக் காட்டிய ஓவியர்கள் உண்டு; எக்செக்கியாஸ் காட்டுவதோ அதற்கு முந்திய கணத்தை. தனியே குந்தியிருக்கும் அயாக்ஸ், வாளைத் தலைகீழாக நட்டு, அது சாயாதபடி அடியில் மண்ணை அணைக்கிறான். நாற்று நடுபவரின் பொறுமை அந்தக் கைகளில் தெரிகிறது. துயரமெல்லாம் நெற்றியில் கீறிய சில கோடுகளில் அடங்கியிருக்கிறது.

கி.மு. 530 வாக்கில் ஏதென்ஸிலேயே, பின்புலத்தைக் கருமையாக்கி உருவங்களைச் சிவப்பாக விடும் செவ்வுருவ முறை தோன்றியதும், கீறலின் இடத்தைத் தூரிகைக் கோடு பிடித்தது. ஆயினும் அந்தக் காயாட்டக் காட்சியைப் பிற ஓவியர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட கலங்களில் தீட்டினார்கள். அவர்களுள் பலர் வீரர் இருவருக்கும் நடுவே அதீனா தெய்வத்தை நிறுத்தினார்கள். எக்செக்கியாஸ் வெறுமையாக விட்டிருந்த அந்த இடைவெளியை நிரப்பியதால் காட்சியின் இறுக்கம் தளர்ந்துபோனது என்றே எனக்குத் தோன்றுகிறது. வணக்கம்.