தூங்கி எழுந்தால் கப்பல் மலை மேல்! டான்யூப் பயணத்தில் எல்லோரும் தவறவிடும் இரவு

[திரையில்: இருட்டு. விளக்கு வெளிச்சத்தில் ஈரக் கான்கிரீட் சுவர் மெல்லக் கீழே இறங்குகிறது.]

இந்தச் சுவரைப் பாருங்கள். கீழே போவதுபோலத் தெரிகிறதா? சுவர் அங்கேயேதான் நிற்கிறது. மேலே போய்க்கொண்டிருப்பது நான். நான் நிற்பதும் லிஃப்டில் அல்ல, 135 மீட்டர் நீளமுள்ள ஒரு கப்பலின் முன்தளத்தில். இடம் ஜெர்மனியின் பவேரியா. நேரம் இரவு இரண்டரை மணி. பயணிகளில் விழித்திருந்தவர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் அத்தனை பணம் கட்டிவிட்டு, இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த காட்சியின்போது குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

வணக்கம். கப்பல் மலை ஏறுமா? ஏறும். கடல்மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரம் வரை ஏறும். ஈஃபில் கோபுரமே 330 மீட்டர்தான். அதைக் கடற்கரையில் நட்டு வைத்தால், அதன் நுனிக்கும் மேலே இந்தக் கப்பல் போகும். கடலிலிருந்து கிளம்பும் சரக்குக் கப்பல் தண்ணீரிலேயே இதைவிட உயரத்துக்குப் போக உலகில் வேறு வழி கிடையாது.

பின்னணியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். டான்யூப் கருங்கடலுக்குப் போகிறது, ரைன் வடகடலுக்குப் போகிறது. நடுவில் மலை. இரண்டையும் இணைக்க 793ஆம் ஆண்டிலேயே பேரரசர் சார்லமேன் ஆள் வைத்துத் தோண்டிப் பார்த்தார். மழையில் கரை சரிந்து சரிந்து விழுந்தது. அந்தப் பள்ளத்தில் ஒரு துண்டு இன்னும் இருக்கிறது. பக்கத்து ஊரின் பெயரே 'கிராபென்', அதாவது பள்ளம்! 1846இல் மன்னர் முதலாம் லுட்விக் நூறு லாக்குகளோடு ஒரு கால்வாய் கட்டினார், ஆனால் அது குறுகலானது. இப்போது நாம் போகும் மைன்-டான்யூப் கால்வாய் 1992இல்தான் முடிந்தது (மைன் என்பது ரைனில் போய்ச் சேரும் ஆறு). பாம்பெர்கிலிருந்து கெல்ஹைம் வரை 171 கிலோமீட்டர், 16 லாக்குகள்.

லாக் என்றால் என்ன? இரு முனையிலும் கதவு வைத்த நீளமான கான்கிரீட் தொட்டி. கப்பல் உள்ளே வரும், பின்கதவு மூடும், அடியிலிருந்து தண்ணீர் நிரம்பும், கப்பல் மிதந்து எழும், முன்கதவு திறக்கும். அவ்வளவுதான். கப்பலைத் தூக்க இயந்திரம் எதுவும் இல்லை. மேலேயிருக்கும் தண்ணீர் கீழே வரத் துடிக்கும் அந்த இயல்பு ஒன்றே போதும்.

சொல்ல எளிது. நேரில் பார்த்தால்தான் வயிறு கலங்குகிறது. தொட்டியின் அகலம் 12 மீட்டர். கப்பலின் அகலம் 11.4 மீட்டர். கணக்குப் போடுங்கள். பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர். பள்ளிக்கூடத்தில் பெட்டிக்குள் அடங்காமல் நீட்டிக்கொண்டிருக்குமே ஓர் அடிக்கோல், அதே அளவு. நம் தெருவில் காரை வீட்டுக்குள் ஏற்ற இரண்டு பேர் 'வா வா, போதும்' என்று கத்துகிறோம். இங்கே ஒரு மனிதர் தனியாக நின்று, சிறு கைப்பிடியைத் தொட்டுத் தொட்டு, இவ்வளவு பெரிய கப்பலைச் சத்தமே இல்லாமல் உள்ளே நுழைக்கிறார்.

நியூரம்பெர்கைத் தாண்டியதும் மூன்று லாக்குகள் வரும்: லெயர்ஸ்டெட்டென், எக்கெர்ஸ்மியூலென், ஹில்போல்ட்ஸ்டைன். ஒவ்வொன்றும் கப்பலை ஏறக்குறைய 25 மீட்டர், அதாவது எட்டு மாடி உயரம் தூக்குகிறது. நுழையும்போது கிணற்றின் அடியில் இருப்பதுபோல இருக்கிறது. பாசி வாடை. சுவரிலிருந்து நீர் சொட்டுகிறது. நான் கையை நீட்டித் தொட்டேன், சில்லென்று வழவழப்பாக இருந்தது. (தொடக் கூடாதாம். ஊழியர் ஒருவர் முறைத்தார். நீங்கள் தொடாதீர்கள்.) கயிறு கட்டும் இரும்புக் கட்டையும் சுவரிலுள்ள பள்ளத்தில் மிதந்து, கப்பலோடு சேர்ந்து மேலே வருகிறது. இருபது நிமிடத்துக்குள் தலைக்கு மேல் வானம் அகலமாகி, திடீரென்று எதிரே புல்வெளி, ஒரு தெருவிளக்கு, ஒரு சைக்கிள்!

என்னை மிகவும் கவர்ந்தது அந்தத் தண்ணீர்ச் சிக்கனம்தான். மலையுச்சியில் ஆறு ஏது? டான்யூப் பக்கமிருந்து பம்ப் வைத்து ஏற்றுகிறார்கள். அதை வீணாக்கலாமா? லாக்குக்குப் பக்கத்தில் படிபோல மூன்று தொட்டிகள். லாக்கைக் காலி செய்யும்போது பெரும்பகுதித் தண்ணீரை அவற்றில் பிடித்து வைத்து, அடுத்த கப்பலுக்குத் திருப்பி விடுகிறார்கள். அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் நம் வீட்டுப் புத்திதான், அளவு மட்டும் பெரிது.

உச்சியில் கரையோரம் நீர்பிரி மேட்டைக் குறிக்கும் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் விழும் மழை வடகடலுக்கு, அந்தப் பக்கம் விழுவது கருங்கடலுக்கு.

இன்னொரு வேடிக்கை, தாழ்வான பாலங்கள். அவை வரும்போது மேல்தளத்தைப் பூட்டி, கைப்பிடிக் கம்பி, குடை, நாற்காலி எல்லாவற்றையும் மடக்கிப் படுக்க வைத்துவிடுவார்கள். கேப்டனின் அறையே அப்படியே கீழே இறங்கும். கூரையில் உள்ள திறப்பு வழியாகத் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு அவர் ஓட்டுவார். பாலம் நெருங்கும்போது அந்தத் தலையும் உள்ளே போய்விடும். ஆமை!

சரி, ஊர்கள். ரேகன்ஸ்பூர்கில் 12ஆம் நூற்றாண்டுக் கல்பாலம். பாஸாவில் மூன்று ஆறுகள் கூடுகின்றன. அங்கே நகரமன்றச் சுவரில் வெள்ளக் கோடுகளைப் பாருங்கள், 2013இல் ஆற்றின் மட்டம் 12.89 மீட்டர் வரை உயர்ந்தது. வியன்னாவில் கப்பல் ஊரின் மையத்திலிருந்து தள்ளி நிற்கும், மெட்ரோ பிடியுங்கள். புடாபெஸ்டுக்குள் இரவில் நுழையும் கப்பலாகப் பாருங்கள். இவற்றைப் பற்றி ஆயிரம் வீடியோக்கள் இருக்கின்றன.

வாஹௌ பள்ளத்தாக்குக்கு மட்டும் இரண்டு வரி கூடுதலாகத் தர வேண்டும். மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை 36 கிலோமீட்டர், திராட்சைத் தோட்டப் படிக்கட்டுகளும் ஆப்ரிகாட் மரங்களும். முழு ஆப்ரிகாட் பழத்தை மாவுக்குள் பொதிந்து வேகவைத்து, வறுத்த ரொட்டித் தூளில் புரட்டித் தருகிறார்கள். நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். நான் நான்கு சாப்பிட்டேன்.

விளம்பரம் சொல்லாத இரண்டு விஷயங்கள். முதலாவது, துறைகளில் இடம் பற்றாமல் கப்பலோடு கப்பலை ஒட்டிக் கட்டுவார்கள். ஆற்றுக் காட்சிக்காகக் கூடுதல் பணம் கொடுத்த நான் காலையில் திரையை விலக்கினால், இரண்டடி தள்ளி வேறொரு கப்பலில் ஒரு பெரியவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வேறு வழி தெரியாமல் கும்பிட்டேன். அவரும் பிரஷோடு தலையசைத்தார்.

இரண்டாவது, தண்ணீர் குறைந்தால் கப்பல் நிற்கும். ஸ்ட்ராபிங், வில்ஸ்ஹோஃபென் இடையே ஆறு அணையின்றி ஓடுவதால், வறண்ட கோடைக் கடைசியில் அங்கே ஆழம் போதாமல் போகும். எங்களுக்கு அதுதான் நடந்தது. பெட்டியைக் கட்டச் சொல்லி, பஸ்ஸில் ஏற்றி, மறுபக்கம் காத்திருந்த இன்னொரு கப்பலில் விட்டார்கள். அதே நிறுவனத்தின் இரட்டைக் கப்பல். அதே அறை எண், அதே கம்பளம், கட்டிலுக்கு மேலே அதே படம். முந்தைய இரவு மெத்தைக்கடியில் வைத்து மறந்த சார்ஜரைக் குனிந்து தேடிய பிறகுதான், இது வேறு கப்பல் என்பதே உறைத்தது.

விசா எளிது. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி நான்குமே ஷெங்கன் நாடுகள், ஒரே விசா போதும்.

ஒரு வாரப் பயணங்களில் பல பாஸாவில் தொடங்கி புடாபெஸ்டில் முடிகின்றன. அந்த டிக்கெட் வாங்கினால் மலையேற்றம் கிடையாது. நியூரம்பெர்கில் கிளம்பும் கப்பலாகக் கேளுங்கள். ஏறியதும் வரவேற்பு மேசையில், 'ஹில்போல்ட்ஸ்டைன் எத்தனை மணிக்கு?' என்று ஒரு கேள்வி. எங்கள் கப்பலில் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் '2.30' என்று எழுதிக் கொடுத்தாள். கீழே ஒரு வார்த்தை: 'ஸ்வெட்டர்!'