பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

தலைவர் அவர்களே, ஓய்வுபெற்ற நீதியரசர் ஐயா அவர்களே, மழையென்றும் பாராமல் வெள்ளவத்தைக்கு வந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, மாநகர சபை உறுப்பினர் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்திலும் பாதியை எடுத்துக்கொண்ட சட்டத்தரணி நண்பர் அவர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் பிள்ளைகளே, வணக்கம்.

மூன்று விடயம் சொல்ல வந்தேன். மனநெருக்கடியில் வரும் அவசர அழைப்பை எடுப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு, அவருக்கான பயிற்சி, அவருடைய சொந்த மனநலம்.

அவருக்குக் கேட்பது குரல் மட்டும். பொலிஸை அனுப்புவதா, அம்புலன்ஸை அனுப்புவதா, பேசிக்கொண்டே இருப்பதா என்று அந்தக் கணமே முடிவெடுக்க வேண்டும். நல்லபடி முடிந்தால் அவர் பெயரை யாரும் கேட்பதில்லை. பிசகினால் ஒலிப்பதிவைத் தேடி எடுப்பார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

அமெரிக்காவில் பல மாநிலங்களில் 911 என்ற அவசர இலக்கத்தில் அழைப்பை எடுப்பவரை வழக்கிலிருந்து சட்டம் காக்கிறது. பாரதூரமான கவலையீனம் என்றால் பெரும்பாலும் காக்காது. அது நியாயம்தான். 2022 இல் மனநெருக்கடிக்கென்றே 988 என்ற இலக்கமும் அங்கே வந்தது. இங்கே இலங்கையில் பொலிஸுக்கு 119 இருக்கிறது, அம்புலன்ஸுக்கு 1990 சுவசெரிய இருக்கிறது, மனநலத்துக்கு 1926 இருக்கிறது. 1998 வரை தற்கொலைக்கு முயல்வதே நமது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். குற்றம் போய்விட்டது, பொலிஸ் வருமோ என்ற பயம் போகவில்லை.

எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் ஒரு மாமி. ஒருநாள் மகன் "இனி நான் இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அறைக்கதவைப் பூட்டிக்கொண்டான். மாமி ஓர் அவசர இலக்கத்துக்கு அடித்தார். எது என்று சொல்லமாட்டேன், நீதியரசர் ஐயா முன்னால் இருக்கிறார். மறுமுனையில் சிங்களம். மாமியின் சிங்களம் தேங்காய் பேரம் பேசப் போதும், அவ்வளவுதான். மகன் கதவைப் பூட்டிவிட்டான் என்றார். அழைப்பை எடுத்த பிள்ளை பொறுமையாகக் கேட்டது: "திறப்புத் தொலைந்துவிட்டதா அம்மா?" "திறப்பு அவனிடம்தான்!" "அப்போ அவரையே திறக்கச் சொல்லுங்கள்."

சிரிக்கிறீர்கள். மாமி அழுதுகொண்டு முனைக்கடைக்கு ஓடினார். கடை நானா போனை வாங்கிச் சிங்களத்தில் விளக்கினார். விலாசம் கேட்டதும், "என் கடைக்குப் பின்னால்தான், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்" என்றாராம். வியாபாரி அல்லவா! அப்புறம் அம்புலன்ஸ் வந்தது. பையன் இப்போது புறக்கோட்டையில் வேலை செய்கிறான்.

சரி, அன்று அவன் உயிர் போயிருந்தால் வழக்கு யார்மேல்? அழைப்பை எடுத்த அந்தப் பிள்ளைமேல். தமிழ் தெரியாத பிள்ளையைத் தனியே அந்தக் கதிரையில் இருத்தியவர் யார்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நன்னோக்கத்தோடு செய்ததற்கு வழக்கில்லை என்று நாளைக்கே சட்டம் எழுதுங்கள், கைதட்டுகிறேன். ஆனால் விளங்காத மொழியில் வரும் அழைப்புக்குச் சட்டம் என்ன செய்யும்? 1987 இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஒவ்வொரு அவசர இலக்கத்திலும், ஒவ்வொரு முறைமாற்றத்திலும், இரவு இரண்டு மணிக்கும், தமிழ் பேசும் ஒருவர் இருக்க வேண்டும். நான் கேட்பது இதுதான்.

தலைவர் துண்டுக் கடதாசி நீட்டுகிறார். பயிற்சியையும் மனநலத்தையும் டொக்டர் பார்த்துக்கொள்வார். வாசலில் சுகாதார அமைச்சுக்கான மகஜர் இருக்கிறது, பிரதி அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு. கையெழுத்து எந்த மொழியிலும் போடலாம், தேநீருக்கு முன்னால் போட்டுவிடுங்கள்.