விஷவாயு அறையில இருந்து பாடத்தை ஆரம்பிக்காதீங்க

எல்லாருக்கும் வணக்கம். வந்திருக்கறவங்க எல்லாம் டீச்சருங்கதான், அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ஹோலோகாஸ்ட், அதாவது ஹிட்லரோட நாஜி ஆட்சி ஐரோப்பா யூதர்கள கூட்டம் கூட்டமா கொன்னது, அதப் பத்தி பாடம் எடுக்கப் போறப்ப நம்மள்ல நிறைய பேர் முதல்ல என்ன பண்றோம்? பிணக் குவியல் ஃபோட்டோவ ஸ்க்ரீன்ல போடறோம், 60 லட்சம் யூதர்கள்னு போர்டுல எழுதறோம், ஹிட்லர்னு ஒரு கொடூரன் இருந்தான்னு சொல்றோம், பெல் அடிச்சிடுது. பசங்க கொஞ்ச நேரம் உம்முன்னு இருப்பாங்க, அடுத்த பீரியட்ல மறந்துடுவாங்க. அவங்களக் குத்தம் சொல்ல முடியாதுங்க. அந்த ஃபோட்டோல கிடக்கறவங்க யாருன்னே நாம சொல்லல, செத்த பிறகுதான் அறிமுகமே பண்ணி வெக்கறோம்.

உயிரோட இருந்தப்ப அவங்க எப்படி இருந்தாங்கன்னு முதல்ல காட்டுங்க. போருக்கு முன்னாடி வார்சா நகரத்துல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் யூதர். அங்க யூதருங்க பேசின இட்டிஷ் மொழியில பேப்பர், நாடகம், சண்டை போடற அரசியல் கட்சிகள், எல்லாம் இருந்துச்சு. வியன்னால ஹாகோவான்னு ஒரு யூத ஃபுட்பால் கிளப், 1925ல ஆஸ்திரியா லீகையே ஜெயிச்சுது. இத சொல்லிப் பாருங்க, கடைசி பெஞ்ச் பையன் கூட நிமிர்ந்து உக்காருவான். அந்த கிளப்பை 1938ல நாஜிங்க இழுத்து மூடினாங்கன்னு அப்புறம் சொல்றப்ப, என்ன போச்சுன்னு அவனுக்கே தெரியும்.

அதுக்கு அடுத்து பள்ளிக்கூடத்துக்கு வாங்க. பசங்களுக்கு நல்லா தெரிஞ்ச இடம் அதுதான், நாஜிங்களும் ரொம்ப சீக்கிரமா கை வெச்சது அங்கதான். 1933 ஜனவரி 30ல ஹிட்லர் ஆட்சிக்கு வந்தாச்சு. ஏப்ரல் 1ல யூதக் கடை வாசல்ல ஆள் நிறுத்தி உள்ள போகாதீங்கன்னாங்க. ஏப்ரல் 7ல ஒரு சட்டம் போட்டு யூத டீச்சருங்க உட்பட அரசு வேலைல இருந்த யூதருங்கள வெளிய தள்ள ஆரம்பிச்சாங்க. ஏப்ரல் 25ல இன்னொண்ணு, பேரக் கேட்டா சாதுவா இருக்கும், பள்ளிகள்ல நெரிசலத் தடுக்கற சட்டமாம். உயர்நிலைப் பள்ளியிலயும் யுனிவர்சிட்டியிலயும் புதுசா சேர்றவங்கள்ல யூதப் பசங்க 1.5 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது. 1935ல நியூரம்பர்க் சட்டம், குடியுரிமை போச்சு. 1938 நவம்பர் 9 ராத்திரி யூத ஜெபக்கூடங்களுக்கு நெருப்பு வெச்சாங்க, யூதக் கடைகள உடைச்சாங்க, அடுத்த வாரமே, 15ஆம் தேதி, மிச்சம் இருந்த யூதப் பசங்களையும் ஜெர்மன் பள்ளிகள்ல இருந்து மொத்தமா வெளியேத்திட்டாங்க. 1941 செப்டம்பர்ல மஞ்சள் நட்சத்திரம், 6 வயசுல இருந்தே குத்திக்கணும், அதாவது ஒண்ணாங்கிளாஸ் குழந்தை. எட்டு வருஷத்துக்கு மேல ஆச்சு இதுக்கு. ஒவ்வொரு படியிலயும் அடுத்த டெஸ்க்ல ஒரு ஃப்ரெண்ட் இருந்தான், வகுப்புக்கு ஒரு டீச்சர் இருந்தாரு, அட்மிஷன் ரெஜிஸ்டர்ல பேர அடிச்ச ஒரு கிளார்க் இருந்தாரு. அவங்க என்ன பண்ணாங்கன்னு பசங்களக் கேக்க வைங்க.

இங்க ஒரு கணக்கு சொல்றேன். அப்ப ஜெர்மன் பாடப்புத்தகத்துல வந்த கணக்கு இது. ஒரு மனநோய் மருத்துவமனை கட்ட 60 லட்சம் மார்க் ஆகுது, ஒரு வீடு கட்ட 15,000 மார்க், அப்ப அந்தப் பணத்துல எத்தனை வீடு கட்டலாம்? விடை 400. பசங்க வகுத்துப் பார்த்து டக்குனு சொல்லிடுவாங்க. சொன்ன பிறகு கேளுங்க, இந்தக் கணக்கு உங்களுக்கு நிஜமா என்ன கத்துக் கொடுத்துச்சுன்னு. அந்த நோயாளிங்க உயிரோட இருக்கறது நமக்கு நஷ்டம்ங்கற எண்ணத்த, வெறுப்புன்னு ஒரு வார்த்தை கூட இல்லாம, மண்டைல ஏத்தியாச்சு. 1939ல இருந்து நாஜிங்க உடல் ஊனமுற்றவங்களையும் மனநோயாளிங்களையும் கொல்ல ஆரம்பிச்சாங்க, 1941 ஆகஸ்டுக்குள்ள 70,000 பேர விஷவாயு வெச்சு கொன்னாங்க. அந்த வேலைய கத்துக்கிட்ட ஆளுங்கதான் அப்புறம் யூதருங்கள கொல்றதுக்குன்னே கட்டின பெல்ஸெக், சோபிபோர், ட்ரெப்லிங்கா முகாம்கள நடத்தப் போனாங்க. வகுப்பறைக் கணக்குக்கும் ட்ரெப்லிங்காவுக்கும் நடுவுல இருக்கற தூரம் நாம நினைக்கறத விட ரொம்பக் கம்மிங்க.

இத நான் டீச்சருங்ககிட்ட அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நாஜி டீச்சர் சங்கத்துல ஜெர்மனியோட டீச்சருங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருமே உறுப்பினர் ஆயிட்டாங்க. 1942 ஜனவரி 20ல பெர்லின்ல வான்ஸீ ஏரிக்கரை பங்களாவுல, ஐரோப்பா யூதர் அத்தனை பேரையும் அழிக்கற வேலைய எப்படி ஒருங்கிணைக்கறதுன்னு பேசி முடிச்ச 15 அதிகாரிங்கள்ல பாதிக்கு மேல டாக்டர் பட்டம் வாங்கினவங்க. நல்லா படிச்சவன் இத செய்ய மாட்டான்னு பசங்ககிட்ட தயவுசெஞ்சு சொல்லாதீங்க. அது உண்மை இல்ல.

யூத வெறுப்பு ஹிட்லர்கிட்ட இருந்து ஆரம்பிக்கலங்கறதும் பாடத்துல வரணும். 1348, 49ல பிளேக் வந்தப்ப யூதருங்க கிணத்துல விஷம் கலந்துட்டாங்கன்னு புரளி கிளம்புச்சு, 1349ல ஸ்ட்ராஸ்பர்க்ல நூத்துக்கணக்கான யூதர்கள உயிரோட எரிச்சாங்க. 1903ல ரஷ்யால, உலகத்தையே பிடிக்க யூதப் பெரியவங்க ரகசியக் கூட்டம் போட்டதா ஒரு போலி ஆவணம் வந்துச்சு, 1921லயே லண்டன் டைம்ஸ் பேப்பர் அது வேற புத்தகத்துல இருந்து திருடி எழுதினதுன்னு வரிக்கு வரி காட்டிடுச்சு. ஆனா அது இன்னிக்கும் ஃபார்வர்ட் ஆயிட்டுதான் இருக்கு. இங்க பசங்களுக்கு ஒரு விஷயம் புரிய வைக்கணும். ஒரே வாயால யூதன்தான் முதலாளி, யூதன்தான் கம்யூனிஸ்ட்ன்னு சொன்னாங்க, ஒதுங்கியே இருக்கான்னாங்க, எல்லா இடத்துலயும் நுழைஞ்சுட்டான்னும் சொன்னாங்க. மத்த வெறுப்புல பெரும்பாலும் எதிராளிய மட்டமாத்தான் காட்டுவாங்க, இதுல கூடவே அவன் ரகசியமா நம்மள ஆட்டி வைக்கறான்னும் சொல்லுவாங்க. அதனாலதான் அடிக்கறவனே தன்ன பாதிக்கப்பட்டவன்னு நம்பிக்கறான்.

எந்த கிளாஸ்லயும் தவறாம வர்ற கேள்வி, அவங்க ஏன் சார் ஓடிப் போகல? ஓடப் பார்த்தாங்க. 1938 ஜூலைல பிரான்ஸ்ல எவியான்ங்கற ஊர்ல 32 நாடுங்க இந்த அகதிங்களப் பத்தி உக்காந்து பேசினாங்க, அனுதாபம் நிறைய, கதவத் திறந்தவங்க அநேகமா யாரும் இல்ல. 1939 மே மாசம் செயின்ட் லூயிஸ் கப்பல்ல 937 பேர் ஹாம்பர்க்ல இருந்து கியூபா போனாங்க, பெரும்பாலும் யூதருங்க. கியூபா ஒரு சிலரத் தவிர யாரையும் இறங்க விடல. கப்பல் ஃப்ளோரிடா கரையோரமா போச்சு, மயாமி விளக்கு வெளிச்சம் தெரியுது, அமெரிக்காவும் முடியாதுன்னுடுச்சு. திரும்பி ஐரோப்பாவுக்கே போய் அதுல 254 பேர் ஹோலோகாஸ்ட்ல செத்தாங்க. உலக மேப்ப விரிச்சு அந்தக் கப்பல் போன வழிய பசங்களையே கோடு போடச் சொல்லுங்க, அந்தக் கேள்வி தானா மாறிடும், நாடுங்க ஏன் கதவ மூடினாங்கன்னு கேப்பாங்க.

இன்னொரு கேள்வி, எத்தனை பேர் செத்தா இனப்படுகொலை? சட்டத்துல அப்படி எண்ணிக்கையே கிடையாது. குடும்பத்துல 49 பேர ஹோலோகாஸ்ட்ல இழந்த ரஃபேல் லெம்கின்ங்கற வக்கீல் விடாம அலைஞ்சதால 1948 டிசம்பர் 9ல ஐ.நா. ஒப்பந்தம் வந்துச்சு. ஒரு தேசிய, இன, மதக் கூட்டத்த முழுசாவோ ஒரு பகுதியாவோ அழிக்கற நோக்கம் இருக்கான்னுதான் அது பார்க்குது. குழந்தைகள வலுக்கட்டாயமா பிடுங்கி வேற கூட்டத்துக்கு மாத்தறது கூட அதுல வருது. இதோட ஆப்பிரிக்காவுல இருக்கற ருவாண்டாவையும் சேர்த்துச் சொல்லலாம். 1930கள்ல அங்க இருந்த பெல்ஜியம் ஆட்சி, இவன் ஹூட்டு கூட்டம், இவன் டுட்ஸி கூட்டம்னு அடையாள அட்டைல எழுதி வெச்சது, 1994ல ஹூட்டு தீவிரவாதிங்க ரோட்டுல தடுப்பு போட்டு, அட்டைல இருக்கற அதே அடையாளத்தப் பார்த்துத்தான் டுட்ஸிங்கள கொன்னாங்க. ரேடியோவுல டுட்ஸிங்கள கரப்பான் பூச்சின்னாங்க. சுமார் 100 நாள்ல 8 லட்சம் பேர் போல செத்தாங்க.

செய்யக் கூடாதது ஒண்ணு உண்டு. பசங்களுக்கு நட்சத்திரம் குத்தி, இருட்டு ரூம்ல அடைச்சு நடிக்க வைக்கறது வேண்டவே வேண்டாம். அமெரிக்க ஹோலோகாஸ்ட் மியூசியமே இத செய்யாதீங்கன்னுதான் டீச்சருங்களுக்கு எழுதி வெச்சிருக்கு. பத்து நிமிஷம் நடிச்சா அந்த வலி புரிஞ்சுடும்னு குழந்தை நம்பிடும், அது செத்தவங்களுக்கு செய்யற அநியாயம்.

கடைசியா, காஸா, இஸ்ரேல் பத்தி கேள்வி கண்டிப்பா வரும். தட்டிக் கழிக்காதீங்க. இஸ்ரேல் அரசாங்கத்த, அதோட ராணுவத்த கேள்வி கேக்கலாம், எந்த அரசாங்கத்தையும் கேக்கற மாதிரி. அதுக்காக உலகத்துல எங்கயோ இருக்கற ஒரு யூதர நிறுத்தி பதில் சொல்லுன்னா, ஜெபக்கூடத்துல கல்லெறிஞ்சா, அது யூத வெறுப்பு. பாலஸ்தீனக் குழந்தைகளுக்காக வருத்தப்படற பொண்ணு யாருக்கும் எதிரி இல்லன்னும் அதே மூச்சுல சொல்லுங்க. உக்காருன்னு அடக்கினா அவ ஃபோன்ல போய்த்தான் தேடுவா. டெலிகிராம்ல ஹோலோகாஸ்ட் பத்தி வர்ற பதிவுகள்ல கிட்டத்தட்ட பாதி அத மறுக்குது, இல்ல திரிக்குதுன்னு 2022ல யுனெஸ்கோ சொல்லியிருக்கு. அதனால போர்ஷன் முடியலன்னாலும் பரவால்ல, கேள்விக்குன்னே தனியா ஒரு பீரியட் விடுங்க. இப்ப உங்க கேள்விகளுக்கு வரேன், மைக்க அந்தப் பக்கம் கொடுங்க.