சிப்ஸ் பாக்கெட் ஏன் உப்பியது?

(கொடைக்கானலில், விடுமுறைக்கு வந்திருந்த குடும்பங்களிடம் ஒரு மாலையில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகள் முன்னால் வந்து உட்காருங்கள். தரை சில்லென்று இருக்கும், யாராவது ஒரு போர்வையை விரித்துவிடுங்கள்.

பல வருஷத்துக்கு முன்பு வத்தலக்குண்டில் இருந்து என் மகளோடு காரில் மேலே வந்துகொண்டிருந்தேன். அடிவாரத்துக் கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலை வருவதற்குள் பலூன் மாதிரி உப்பிவிட்டது. "அப்பா, இதுக்குள்ள யாரு காத்து அடிச்சா?" என்று கேட்டாள். வளைவில் கவனமாக இருந்த நான் "பேசாம உட்காரும்மா" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குத் தூண் பாறை, கோக்கர்ஸ் வாக், ஏரி என்று ஏழு இடம் காட்டினேன். இன்றைக்கும் அவள் நினைவில் இருப்பது அந்தப் பாக்கெட் ஒன்றுதான். அவள் கேட்டபோதே பதில் தேடியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் மனசு கேட்பதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம் போதும். அங்கே பிள்ளை கேட்கிற கேள்வியோடு ஒரு மணி நேரம் இருங்கள்.

பாக்கெட்டுக்குள் யாரும் காற்று அடிக்கவில்லை. நாம் நிற்கும் இடம் கடல்மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது, வெளியில் இருந்து அழுத்துவது தளர்ந்ததும் உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. மலை ஏறும்போது காது அடைப்பதும் இதனால்தான். ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு பலூனைப் பாதி ஊதி, நூலால் சுற்றளவு எடுத்து வையுங்கள், அடிவாரத்தில் திரும்ப அளந்தால் நூல் மிஞ்சும். (பலூனை ரோட்டில் போட்டுவிடாதீர்கள், பைக்குள் போகட்டும்.) சமையல் செய்கிற வீட்டில் தங்கியிருந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். கீழே 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் இங்கே சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்தும் சூடு போதாது, பருப்பு லேசில் வேகாது. இந்த ஊர்ப் பாட்டிகளிடம் கேளுங்கள், குக்கர் வருவதற்கு முன்னால் பட்ட பாட்டைச் சொல்வார்கள்.

அப்புறம் தண்ணீர் ஆட்டம். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். சோலைக்காட்டு ஓரமாக, ரோட்டுப் பக்கத்திலேயே செய்யலாம், வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போக வேண்டாம். ஆள் நடந்து நடந்து இறுகிப்போன தடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். பக்கத்தில் இலை மக்கிக் கிடக்கிற மண்ணில் இன்னொரு டம்ளர். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் வரை பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணட்டும். தடத்தில் ஊற்றியது சரிவைப் பார்த்து ஓடும், மக்கில் ஊற்றியதை மண் குடித்துவிடும். பெய்கிற மழையைச் சோலையும் புல்வெளியும் இப்படித்தான் பிடித்து வைத்து, மழை விட்ட பிறகும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. இந்த மலையில் இருந்து இறங்குகிற மஞ்சளாறும் மருதாநதியும் வைகைக்குத்தான் போகின்றன. மதுரையில் இருந்து வந்திருக்கிற பிள்ளைகளே, நீங்கள் எண்ணிய அந்த எண்ணிக்கை உங்கள் ஆற்றின் கணக்கு! கையால் மண்ணை அள்ளி மோந்து பார்க்கச் சொல்லுங்கள். காலில் அட்டை ஏறினால் பயம் வேண்டாம், நகத்தால் மெல்லத் தள்ளிவிடலாம். காட்டுமாடு தென்பட்டால் மட்டும் விளையாட்டு இல்லை, போட்டோவை மறந்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விடுங்கள்.

வெயில் அடித்தால் காலண்டர் அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போடுங்கள். அதை வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைத்தாளை வைத்தால் சுமார் 9 மில்லிமீட்டர் அகலத்தில் சூரியன் வந்து உட்காரும். நேராகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, தாளை மட்டும்தான் பார்க்க வேண்டும். மர நிழலில் வட்ட வட்டமாக விழுகிற வெளிச்சம்கூட சூரியனின் படம்தான், இதைச் சொன்னதும் பிள்ளைகள் மரம் மரமாக ஓடுவார்கள். இந்த ஊர் சூரிய ஆய்வகத்தில் இருந்துதான், சூரியன்மேல் கறுப்பாகத் தெரிகிற சூரியப் புள்ளிகளில் வாயு நடுவில் இருந்து வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தார். உங்கள் தாளில் விழுவதும் அதே சூரியன்தான்.

2018இல் பிறந்தவர்கள் யார் யார்? கை தூக்குங்கள். அந்த வருஷம்தான் இங்கே நீலக்குறிஞ்சி பூத்தது. பூத்து, விதை விட்டதும் அந்தச் செடி காய்ந்துபோகும், அந்த விதையில் முளைத்தவை ஏறக்குறைய உங்கள் வயதுக்காரர்கள். குறிஞ்சி ஆண்டவர் கோவில் பக்கம் விசாரித்தால் செடியைக் காட்டுவார்கள். ஒடிக்காமல் பக்கத்தில் நின்று யார் உயரம் என்று பாருங்கள், இரண்டு உயரத்தையும் அம்மாவோ அப்பாவோ நோட்டில் எழுதி வைக்கட்டும். அடுத்த பூப்பு 2030இல். உங்களுக்கு அப்போது 12 வயது. வரும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்.