கரையில்தான் தவிப்பு அதிகம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

துடுப்புப் படகுப் பந்தயத்தில் அதிகம் தவிப்பவர் படகில் இருப்பவரா, கரையில் நிற்கும் குடும்பத்தாரா? குடும்பத்தார்தான் என்று பேச வந்திருக்கிறேன். என் தம்பி ஒற்றையர் படகு ஓட்டுகிறவன். கரையில் நின்றவள் நான்.

"வலி அவனுக்கு, வேடிக்கை உங்களுக்கு" என்று எதிரணித் தலைவர் சொன்னார். வலியை நான் மறுக்கவே மாட்டேன் ஐயா. துடுப்பு வலிப்பது என்கிறோம். அந்தச் சொல்லிலேயே வலி இருக்கிறது. அவன் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். விரல்களுக்கு அடியில் வரிசையாகக் காய்ப்பு. ஒன்று உரிந்து, அதன்மேல் டேப் ஒட்டி, டேப்பையும் மீறி ரத்தம் கசிந்திருக்கும். 2,000 மீட்டர் தூரம், ஏழு நிமிடத்துக்கு அக்கம்பக்கம், 200 தடவைக்கு மேல் துடுப்பை இழுக்க வேண்டும். கையால் மட்டும் இல்லை, நகரும் இருக்கையில் கால்களை உதைத்து உதைத்து. கடைசி 500 மீட்டரில் தொடை பற்றி எரியும் என்பான். ஆனால் நம் தலைப்பு கேட்பது வலியை அல்ல, தவிப்பை.

படகில் இருப்பவனுக்குக் கையில் வேலை இருக்கிறது. படகு சாய்ந்தால் நிமிர்த்துவான். பக்கத்துத் தடத்தில் இருப்பவன் முந்தினால் இன்னும் அழுத்தி இழுப்பான். எனக்கு என்ன வேலை? பந்தயம் தொடங்கிவிட்டால் பயிற்சியாளர்கூடக் கரையிலிருந்து வாக்கிடாக்கியில் யோசனை சொல்லக் கூடாது என்பது விதி. கற்றுக்கொடுத்தவருக்கே அந்தக் கதி என்றால் அக்கா எம்மாத்திரம்?

சரி, அடுத்த வாதத்துக்கு வருகிறேன். "முதுகைக் காட்டிப் போகிறவனுக்கு முடிவுக்கோடு தெரியாது, உங்களுக்கு எல்லாமே தெரியும்" என்றார்கள். இதை மட்டும் என்னால் விட முடியாது. அவன் பின்னோக்கி உட்கார்ந்திருப்பதால், தனக்குப் பின்னால் வருகிறவர்களை முகத்துக்கு நேராகப் பார்க்கிறான். எங்களுக்கு? முடிவுக்கோட்டருகே நின்றால் தொடக்கம் 2 கிலோமீட்டருக்கு அப்பால். தண்ணீரின் பளபளப்பில் ஆறு புள்ளிகள். அதில் என் தம்பி எந்தப் புள்ளி? கண்ணை இடுக்கி இடுக்கிக் கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம்.

கிட்டே வந்தாலாவது தெரியுமா? கரையிலிருந்து சாய்வாகப் பார்க்கிறோம். எல்லாப் படகும் சமமாக வந்தாலும் நமக்கு எதிர்க்கரைப் பக்கமுள்ள தடத்தில் வருவது முந்துவதுபோலவே தெரியும். அன்று என் தம்பி எங்கள் கரையிலிருந்து இரண்டாவது தடம். ஆறாவது தடக்காரன் எங்கேயோ முன்னால் போய்விட்டான் என்று நினைத்து என் நெஞ்சே அடைத்துப்போனது. அருகில் வந்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு பேரும் சமம்! பாதிப் பந்தயம் வரைக்கும் நடக்காத தோல்விக்கு அழுதிருக்கிறேன், நடுவர் அவர்களே. படகில் இருந்தவனுக்கு அந்தத் துன்பம் இல்லை.

அப்புறம்தான் அது நடந்தது. 300 மீட்டர் மிச்சம் இருக்கும்போது வலப்பக்கத் துடுப்பின் அலகு, அதாவது அதன் தட்டையான முனை, தண்ணீரிலிருந்து வெளியே வரவில்லை. உள்ளேயே சிக்கிக்கொண்டது. இதைக் 'கிராப்' என்பார்கள், நண்டு பிடித்து இழுப்பதுபோல. கைப்பிடி திரும்பி அவன் வயிற்றில் வந்து முட்டியதைப் பார்த்தேன். அந்தப் படகு எட்டு மீட்டர் நீளம், எடையோ 14 கிலோதான். அகலம் அவன் இடுப்பளவு. இரண்டு துடுப்பும்தான் அதற்கு ஊன்றுகோல். ஒன்று போனால் கவிழ்ந்துவிடும். அம்மா சட்டென்று தண்ணீருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "என்னாச்சு சொல்லு, என்னாச்சு சொல்லு" என்று என் புடவையைப் பிடித்து இழுக்கிறார். எனக்கு நாக்கு எழவில்லை.

அவன் என்ன செய்தான் தெரியுமா? கைப்பிடியைக் கீழே அழுத்தித் துடுப்பை விடுவித்தான், மூன்று இழுப்பில் தாளத்தைப் பிடித்தான், போய்க்கொண்டே இருந்தான். பிறகு கேட்டால், "என்ன நடந்ததுன்னு யோசிக்கவே நேரம் இல்லக்கா" என்கிறான். யோசிக்க நேரம் இருந்தது எங்களுக்கு மட்டும்தான்! அந்த மூன்று இழுப்புக்குள் அவன் கவிழ்ந்து, மூழ்கி, மீட்புப் படகு வந்து, என்னென்னவோ எல்லாம் என் மனதில் நடந்து முடிந்துவிட்டது.

நான்காவதாக வந்தான். படகைத் தூக்கி வைத்துவிட்டு எங்களிடம் வந்தான். அம்மா அவன் தலையைத் துவட்டினார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். இத்தனை நேரம் துடுப்பு வலித்த கையால் அதை வாங்கியவன், மூடியைத் திறக்காமல் என்னையே பார்த்தான்.

"ஏன்க்கா உன் கை இப்படி நடுங்குது?" என்று கேட்டான்.

நன்றி, வணக்கம்.