வீட்டில் பிசிபி செய்ய எந்த பிரிண்டர்?

[திரையில்: செப்புத் தகடு, பக்கத்தில் அச்சடித்த தாள்]

பிசிபி, அதாவது எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு, வீட்டுலயே செய்ய பிரிண்டர் தேடுறீங்களா? கலர், வைஃபை எதுவும் வேணாம். கறுப்பு மட்டும் அடிக்கிற லேசர் போதும், பழசா இருந்தாலும் சரி.

டோனர்ங்கறது பிளாஸ்டிக் தூள். தாள்ல அடிச்ச சர்க்யூட்டைச் செப்புத் தகடு மேல வச்சு இஸ்திரி போட்டா, அந்தச் சூட்டுல இளகி செம்புல ஒட்டிக்கிடும். செம்பை அரிக்கிற பெர்ரிக் குளோரைடு கரைசல் அதைத் தொடாது, அதுக்கு அடியில இருக்கற செம்பு டிராக்கா, அதாவது மின்சாரம் போற கோடா, மிஞ்சும். வீட்டு இங்க்ஜெட்டோட மை அப்படி இளகி ஒட்டாது. புற ஊதா ஒளியால சர்க்யூட்டைத் தகட்டுல பதிக்கற முறைக்கு ஃபிலிம் அடிக்க மட்டும் அது உதவும்.

600 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி, போதுமா? ஒரு புள்ளி 0.042 மி.மீ. 0.3 மி.மீ. டிராக்குக்கு ஏழு புள்ளி வருது, தாராளம். டிராக் அறுந்துபோறது பெரும்பாலும் கறுப்பு அடர்த்தியா விழாததால.

[திரையில்: எச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி 2900]

செகண்ட் ஹேண்ட்ல இந்த ரெண்டும் நல்ல தேர்வு. காசு கொடுக்கறதுக்கு முன்னாடி 5 செ.மீ. கறுப்புச் சதுரம் நாலஞ்சு அடிச்சு டியூப்லைட்டுக்கு நேரா பிடிங்க. ஊசித் துளையா வெளிச்சம் தெரிஞ்சா, அங்கல்லாம் பெர்ரிக் குளோரைடு செம்பை அரிச்சிடும். சுமார் 75 மி.மீ.க்கு ஒருதரம் அதே கறை திரும்ப வந்தா டிரம் (கார்ட்ரிட்ஜுக்குள்ள டோனரைத் தாளுக்குக் கொண்டுபோற உருளை) போயிடுச்சு, கார்ட்ரிட்ஜ் மாத்தணும். மொத்தமா வெளுத்திருந்தா முதல்ல டோனர் சேவ் மோடு ஆஃபான்னு பாருங்க. எல்லா டோனரும் ஒரே சூட்டுல இளகாது. அதனால சின்ன செப்புத் துண்டு ஒண்ணுல தேய்ச்சுப் பார்த்துட்டே வாங்குங்க.

தாளுக்கு நாம அலையவே வேணாம். சிவகாசி காலண்டர் அச்சகங்கள்ல மிஞ்சற ஆர்ட் பேப்பர் வெட்டு, 90லிருந்து 130 ஜிஎஸ்எம், அருமையா வேலை செய்யும். இங்க்ஜெட் போட்டோ பேப்பரை மட்டும் லேசர்ல விடாதீங்க! மேல்பூச்சு உருகி, டோனரைச் சூடாக்கித் தாள்ல ஒட்டவைக்கற ஃபியூசர்ல ஒட்டிக்கிட்டா அந்த ஃபியூசரையே மாத்த வேண்டி வரும்.

லேசர் பிரிண்டர் இல்லையா? திருப்பரங்குன்றம் ஜெராக்ஸ் கடைக்குப் பிடிஎஃப் எடுத்துட்டுப் போய், "அண்ணே, ஆக்சுவல் சைஸ், ஃபிட் டு பேஜ் வேணாம்"னு சொல்லுங்க. வீட்டு இங்க்ஜெட்ல அடிச்சதை அங்க காப்பி எடுத்தா ஓரம் மங்கும், அளவும் கொஞ்சம் மாறலாம்.

[திரையில்: தாளில் இடவலம் மாறிய எழுத்து]

போர்டோட அடிப்பக்கத்து செம்பை, அதாவது பாட்டம் லேயரை, மிரர் பண்ணாம (இடவலம் மாத்தாம) அடிங்க; சாஃப்ட்வேர்ல மேலிருந்து பார்க்கற மாதிரி காட்டறதால அது ஏற்கெனவே திரும்பித்தான் இருக்கும். மேல்பக்கத்து டாப் லேயரை மிரர் பண்ணி அடிங்க. ரெண்டுலயும், செம்புல நேரா வரவேண்டிய எழுத்து தாள்ல திரும்பித் தெரியணும்.

இஸ்திரி போடுறதுக்கு முன்னாடி, அளவு சரியான்னு பார்க்க 40 பின் டிஐபி ஐசியை (ரெண்டு வரிசையில கால் இருக்கற சிப்) தாள் மேல வைங்க. ஒரு வரிசையில முதல் பேடோட (கால் வந்து உட்கார்ற செம்புப் பொட்டு) மையத்துக்கும் கடைசி பேடோட மையத்துக்கும் நடுவுல 48.26 மி.மீ. இருக்கணும். அரை மி.மீ. தப்பினாலும் அந்தத் தாளை ஒதுக்கிட்டு ஸ்கேலிங்கைத் திருத்தி மறுபடி அடிங்க.