வெற்றி விளைந்தது பயிற்சிக் களத்திலே

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்கிறேன். ‘கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளரை உயர்த்துவது அவர் திரட்டும் ஆட்டக்காரர்களா, அவர் கற்றுக்கொடுக்கும் விதமா?’ கற்றுக்கொடுக்கும் விதமே என்று பேச வந்திருக்கிறேன். இரண்டு அணியும் எடுத்துக்கொண்ட ஆள் ஒருவர்தான்: லாஸ் ஏஞ்சல்ஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் 1948 முதல் 1975 வரை பயிற்சியாளராக இருந்த ஜான் வூடன். 27 சீசன்கள். 620 வெற்றி, 147 தோல்வி. கடைசி 12 ஆண்டுகளில் 10 முறை தேசியப் பட்டம். நடுவில் 88 ஆட்டங்கள் தொடர்ந்து வெற்றி.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், “சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். லூ அல்சிண்டர், அதாவது பின்னாளில் உலகம் அறிந்த கரீம் அப்துல்-ஜப்பார், 7 அடி 2 அங்குலம். அவருக்குப் பிறகு பில் வால்டன். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு யார்தான் ஜெயிக்கமாட்டார்கள் என்றார்.

நடுவர் அவர்களே, சட்டியில் அரிசி இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அரிசியை அப்படியே அகப்பையில் அள்ளித் தின்ன முடியுமா? உலை வைக்க ஆள் வேண்டாமா? கான்சாஸ் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1957-இல் அவர்களிடம் வில்ட் சேம்பர்லின் இருந்தார். அவரைவிடப் பெரிய ஆட்டக்காரரை அதுவரை கல்லூரி ஆட்டம் கண்டதில்லை. இறுதி ஆட்டத்தில் நார்த் கரோலினாவிடம் மூன்று கூடுதல் நேரம் ஆடி, 54-53 என்று ஒரு புள்ளியில் தோற்றார்கள். அடுத்த ஆண்டு தேசியப் போட்டிக்கே போகவில்லை. கல்லூரிப் பட்டம் ஒன்றுகூட இல்லாமல் சேம்பர்லின் வெளியேறினார். ஆள் இருந்தால் போதும் என்றால் இது எப்படி நடந்தது? எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும்.

இன்னொரு வாதமும் வைத்தார்கள். வூடன் யு.சி.எல்.ஏ.வுக்கு வந்து முதல் 15 சீசன்கள் ஒரு தேசியப் பட்டமும் வாங்கவில்லை, நல்ல ஆட்கள் கிடைத்த பிறகுதான் வாங்கினார் என்று. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி உண்மையில்லை. முதல் பட்டம் 1964-இல் வந்தது. அந்த அணியின் முதல் ஐவரில் 6 அடி 5 அங்குலத்துக்கு மேல் ஒருவரும் இல்லை. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்ற டியூக் அணியில் 6 அடி 10 அங்குலத்தில் இரண்டு பேர். உயரம் இல்லை, அல்சிண்டர் இல்லை, வால்டன் இல்லை. ஆனாலும் அந்த சீசனில் 30 ஆட்டம், 30 வெற்றி!

அந்த ஆண்டு மாறியது என்ன? உதவிப் பயிற்சியாளர் ஜெர்ரி நார்மன் வற்புறுத்தியதால், வூடன் கோர்ட் முழுவதும் அழுத்தம் கொடுக்கும் 2-2-1 ஸோன் பிரஸ்ஸைக் கையில் எடுத்தார். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

நாம் கூடை போட்டதும் எதிரணி பந்தைக் கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கு 5 விநாடி. பிறகு 10 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். பிரஸ் போடும் அணியில் முன்னால் இருவர், நடுவில் இருவர், கடைசியில் ஒருவர். முதல் பாஸைத் தடுக்க வேண்டாம், மூலைப் பக்கம் வரவிடலாம். பந்து கைக்கு வந்த மறுகணம் இரண்டு பேர் அதை வாங்கியவனைப் பக்கவாட்டுக் கோட்டோடு சேர்த்து மடக்குவார்கள். மடக்கப்பட்டவன் தலைக்கு மேல் வளைத்துத்தான் பந்தை அனுப்ப முடியும். வளைந்து வரும் பந்து மெதுவாக வரும். நடுவில் நிற்பவர் பாய்ந்து எடுப்பது அந்தப் பந்தைத்தான். நீளமாக எறிந்தால் கடைசியில் நிற்கும் கீத் எரிக்சன் பார்த்துக்கொள்வார். அவர் அதே ஆண்டு ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகக் கைப்பந்து ஆடியவர், துள்ளிப் பந்தைப் பிடிப்பது அவருக்குக் கைவந்த கலை.

இது எங்கே உடையும்? மடக்க வரும் இரண்டாவது ஆள் ஓர் அடி தாமதித்தால், பந்து வைத்திருப்பவன் நடுவழியே பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போய்விடுவான். நடுவில் இருப்பவர் ஆசைப்பட்டு முன்கூட்டியே பாய்ந்தால், பின்னால் மூன்று பேருக்கு இரண்டு பேர் என்று ஆகிவிடும், அது கைமேல் கூடை. நாம் கூடை தவறவிட்டால் ஐந்து பேரும் இடம் பிடிக்க நேரமே கிடைக்காது. பந்தைப் பறிப்பதைவிட எதிரணியை அவசரப்பட வைப்பதுதான் இதன் முதல் நோக்கம் என்று வூடன் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பொறுமையை 20 வயதுப் பையன்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது லேசான வேலை இல்லை. ஒரே சமயத்தில் ஐந்து பேர் அசைய வேண்டிய இந்த வேலையைத் தனி ஒருவரின் திறமையை நம்பிச் செய்ய முடியுமா?

டியூக்குடன் ஆடிய இறுதி ஆட்டத்தில் 30-27 என்று யு.சி.எல்.ஏ. பின்தங்கியிருந்தது. அங்கிருந்து சுமார் இரண்டரை நிமிடத்தில் தொடர்ச்சியாக 16 புள்ளிகள். எதிரணிக்கு ஒன்றுகூட இல்லை. முடிவு 98-83. அதில் 26 புள்ளி எடுத்த கென்னி வாஷிங்டன் முதல் ஐவரில் ஒருவர் அல்ல, பெஞ்சிலிருந்து இறங்கிய மாற்று ஆட்டக்காரர். மாற்று ஆட்டக்காரரையும் அந்த அளவுக்குத் தயார் செய்து வைத்திருந்தது யார்?

இவர்கள் பயிற்சி செய்த இடம் எது தெரியுமா? இன்று பெயர் பெற்ற பாலி அரங்கம் 1965-இல்தான் திறந்தது. அதுவரை 17 ஆண்டுகள், முதல் இரண்டு பட்டங்கள் உட்பட, ஒரு பழைய உடற்பயிற்சிக் கூடம்தான். ஒரு பக்கம் ஜிம்னாஸ்டிக்ஸ், இன்னொரு பக்கம் மல்யுத்தம், நடுவில் கூடைப்பந்து. வியர்வை வாடைக்கே பேர்போன இடம். ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் கையில் பூசும் சுண்ணப்பொடி தரையில் படியும், ஷூ வழுக்கும். அதனால் பயிற்சிக்கு முன் தரையைத் துடைக்க வேண்டும். ஈரத் துடைப்பத்தைப் பிடித்தவர்களில் வூடனும் ஒருவர். சிறந்த ஆட்டக்காரர்களை இழுக்க இந்தக் கூடத்தைக் காட்டியிருக்க முடியுமா என்று எதிரணித் தலைவர் யோசித்துப் பார்க்கட்டும்.

இனி அந்தக் கூடத்துக்குள் நடந்ததைப் பார்ப்போம். காலையில் உதவியாளர்களோடு உட்கார்ந்து சுமார் இரண்டு மணி நேரம் திட்டம் போடுவார். எதற்கு? மாலையில் நடக்கும் இரண்டு மணி நேரப் பயிற்சிக்கு. அந்தத் திட்டம் 3-க்கு 5 அங்குல அட்டையில் ஏறும். எந்த நிமிடம் முதல் எந்த நிமிடம் வரை எந்தப் பயிற்சி, எந்தக் கூடைக்கு யார், எத்தனை பந்து, எல்லாம் அதில் இருக்கும். புதிய பாடம் என்றால் பயிற்சியின் தொடக்கத்திலேயே வைப்பார். களைத்த உடம்போடு கற்றது தப்பாகப் பதிந்துவிடும் என்பது அவர் கணக்கு. பழைய அட்டைகளையும் குறிப்புகளையும் எறியமாட்டார். போன வருடம் இதே நாளில் இந்தப் பயிற்சிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தோம், அது போதியதா என்று எடுத்துப் பார்ப்பார். சீசன் இல்லாத மாதங்களில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, ஃப்ரீ த்ரோ என்றால் ஃப்ரீ த்ரோ மட்டும், அதை அடிமுதல் நுனிவரை படிப்பார்.

சீசனின் முதல் பாடம் பந்தில் தொடங்காது, காலுறையில் தொடங்கும். காலுறையை இழுத்து மாட்டி, சுண்டுவிரல் பக்கமும் குதிகால் பக்கமும் கையால் நீவிவிட வேண்டும். மடிப்பு ஒன்றுகூட இருக்கக்கூடாது. காலுறையை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தபடியே ஷூவுக்குள் காலை நுழைக்க வேண்டும். பிறகு கயிற்றை ஒவ்வொரு துளையாக இறுக்கி, கடைசியில் இரட்டை முடிச்சு. அமெரிக்காவின் தலைசிறந்த பள்ளி ஆட்டக்காரன் என்று பெயர் வாங்கி வந்தவனுக்கும் இதே பாடம்தான். காரணம் எளிது. மடிப்பு உராய்ந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் இரண்டு நாள் பயிற்சி போகும், அந்த இரண்டு நாளில் பிரஸ்ஸின் ஒரு மூலை ஓட்டையாகிவிடும்.

எதிரணியின் பலமான ஆயுதத்தையும் நான் ஒளிக்கப்போவதில்லை. 1965 நவம்பரில் பாலி அரங்கின் திறப்பு ஆட்டம். முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட அன்று விதி இடம் தரவில்லை. அல்சிண்டர் இருந்த முதலாண்டு அணி, நடப்புத் தேசியச் சாம்பியனான பிரதான அணியை 75-60 என்று வென்றது. ஆமாம், அல்சிண்டர் மாபெரும் திறமை. அவர் ஆடிய மூன்று ஆண்டுகளும் பட்டம் வந்தது. ஆனால் 1968 ஜனவரி 20-ஐயும் பாருங்கள். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் 52,693 பேர் முன்னிலையில், கண்ணில் காயத்தோடு ஆடிய அல்சிண்டர் 15 புள்ளிதான் எடுத்தார். எதிர்த்து ஆடிய ஹூஸ்டன் பல்கலைக்கழக அணியின் எல்வின் ஹேஸ் 39 எடுத்தார். யு.சி.எல்.ஏ. 71-69 என்று தோற்றது. இரண்டே மாதத்தில் தேசிய அரையிறுதியில் அதே இரண்டு அணிகள். அல்சிண்டரின் கண் ஆறியிருந்தது, அது உண்மை. ஆனால் ஹேஸுக்கு என்ன ஆயிற்று? இந்த முறை நான்கு பேர் வைர வடிவில் நின்றார்கள், ஐந்தாவது ஆளான லின் ஷாக்கல்ஃபோர்ட் ஹேஸின் நிழலாக ஒட்டிக்கொண்டார். இதுவும் நார்மன் தீட்டிய திட்டம்தான். உதவியாளர் சொல்வதைக் கேட்டு அதைப் பயிற்சியாக மாற்றுவதும் ஒரு திறமை. ஹேஸ் எடுத்தது 10 புள்ளி. முடிவு 101-69. இரண்டு மாதத்தில் ஹேஸ் திறமையை மறந்துவிட்டாரா?

அல்சிண்டர் 1969-இல் போய்விட்டார். வால்டன் பிரதான அணிக்கு வந்தது 1971-இல். நடுவில் இரண்டு சீசன்கள் இருவருமே இல்லை. 1970, 1971 இரண்டிலும் பட்டம்! 1970 இறுதி ஆட்டத்தில் ஜாக்சன்வில் அணியின் 7 அடி 2 அங்குல ஆர்டிஸ் கில்மோருக்கு எதிரே நிறுத்தப்பட்டவர் 6 அடி 8 அங்குல சிட்னி விக்ஸ். கில்மோரின் வீச்சுகளை அவர் பலமுறை தட்டிவிட்டார், யு.சி.எல்.ஏ. 80-69 என்று வென்றது.

பணவசதி கொண்ட ரசிகர் ஒருவர் ஆட்டக்காரர்களுக்குச் சலுகை செய்ததைப் பற்றி எதிரணியின் முதல் பேச்சாளர் குறிப்பிட்டார். அந்த விவகாரத்தில் பல்கலைக்கழகம் தண்டிக்கப்பட்டது 1981-இல், வூடன் ஓய்வுபெற்று ஆறு ஆண்டு கழித்து. ஆனாலும் அவர் காலத்திலேயே அந்த மனிதர் ஆட்டக்காரர்களோடு நெருக்கமாக இருந்தார். வூடன் இன்னும் கறாராக நின்றிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அந்தக் குறையை அவர் கணக்கிலிருந்து நான் அழிக்கவில்லை. அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. 1947-இல் இண்டியானா மாநில ஆசிரியர் கல்லூரியில் அவர் பயிற்சியாளராக இருந்தபோது ஒரு தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற மாற்று ஆட்டக்காரர் இருந்தார். அவரை விட்டுவிட்டு வரமுடியாது என்று வூடன் அழைப்பையே மறுத்தார். அடுத்த ஆண்டு தடை நீங்கியது, வாக்கர் ஆடினார், அணி இறுதி ஆட்டம் வரை போனது. நட்சத்திரத்துக்காக அல்ல, பெஞ்சில் இருந்த பையனுக்காக!

இப்போது 1974. வால்டன் இருக்கிறார், கீத் வில்க்ஸ் இருக்கிறார். இதைவிட நிறைந்த சட்டி ஏது? ஜனவரி 19, நாட்டர்டேம் பல்கலைக்கழக மைதானம். மூன்றரை நிமிடம் மிச்சம், 70-59 என்று யு.சி.எல்.ஏ. முன்னிலை. இத்தனை விநாடிக்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்ற ஷாட் கிளாக் அன்று கல்லூரி ஆட்டத்தில் கிடையாது. பந்தைப் பத்திரமாகச் சுற்றவிட்டாலே போதும். அதைச் செய்யவில்லை. பந்தைக் கோட்டைவிட்டார்கள், அவசரமாக எறிந்தார்கள். கடைசி 12 புள்ளிகளும் நாட்டர்டேமுக்கே. 71-70. அங்கேதான் அந்த 88 ஆட்ட வெற்றித் தொடர் நின்றது. மார்ச் மாத அரையிறுதியில் நார்த் கரோலினா ஸ்டேட்டிடம், கூடுதல் நேரத்தில் 7 புள்ளி முன்னிலையைத் தொலைத்து, 80-77 என்று மறுபடியும் தோல்வி. அரிசி குறைந்ததாலா? இல்லை, கற்றதை அந்த நிமிடத்தில் கைவிட்டதால்.

அடுத்த சீசன் வால்டனும் இல்லை, வில்க்ஸும் இல்லை. வூடனுக்கு வயது 64, அவருடைய கடைசி சீசன். அந்த சீசனில்தான் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் காலிமோர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் பயிற்சிக் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வருவதையெல்லாம் எண்ணினார்கள். 15 பயிற்சி நாட்கள், 2,326 பதிவுகள். பாராட்டு 6.9 சதவீதம், கண்டிப்பு 6.6 சதவீதம். ஏறக்குறைய 75 சதவீதம் வெறும் பாடம்: என்ன செய்ய வேண்டும், எப்படி, எப்போது. ஒருவன் தப்புச் செய்தால் உடனே நிறுத்துவார். சரியானதைச் செய்து காட்டுவார், அவன் செய்த தப்பை அப்படியே செய்து காட்டுவார், மறுபடி சரியானதைச் செய்து காட்டுவார். சில விநாடி வேலை. பந்து திரும்ப ஓட ஆரம்பித்துவிடும்.

அவர்கள் எண்ணிக்கொண்டிருந்த அந்த அணிதான், நடுவர் அவர்களே, 1975 மார்ச் 31 அன்று சான் டியேகோவில் கென்டக்கியை 92-85 என்று வென்று பத்தாவது பட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தது.